பத்து நிமிடம் என்று எழுதினேன்

கண்ணாடியைக் கழுவியது நான். கழுவிய பிறகும் அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் நான். ஆனால் காப்புரிமைப் பத்திரத்தில் இருக்கும் ஒரே பெயர் ஆலஸ்டர் விண்டம். டாக்டர் ஆலஸ்டர் விண்டம். அந்த மனிதர் நான் பார்த்த ஒன்பது வருஷத்தில் ஒரு கண்ணாடியைக்கூடக் கழுவியதில்லை. தான் குடித்த டீக் கோப்பையையும் கழுவியதில்லை.

எங்கள் கம்பெனி கேம்பிரிட்ஜுக்கு வடக்கே, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல்களுக்கு நடுவில், ஒரு பழைய விதைக் கிடங்கில் இருந்தது. பிளாஸ்டிக்கை ஒளிரவைப்பதுதான் தொழில். தீப்பெட்டி அளவுக் கண்ணாடியை எடுத்து, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு அதன்மேல் பாலிமரைப் பூசி, அதற்கு மேல் உலோகத்தைப் படியவைத்து மின்சாரம் கொடுத்தால் பாலிமர் விளக்குபோல எரியும். சிவப்பும் பச்சையும் சொன்ன பேச்சைக் கேட்டன. நீலம்தான் உயிரை வாங்கியது. நூறு எலக்ட்ரான் உள்ளே போனால் இரண்டுக்குத்தான் வெளிச்சம் கிடைத்தது, மீதியெல்லாம் உள்ளேயே வீணாய்ப் போனது. அந்த இரண்டை ஐந்தாக்கினால் கம்பெனி பிழைக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடவேண்டியதுதான். 2003 ஜனவரியில் இது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

என் பெயர் மேரியன் பீச்சி. டெக்னீஷியன். அதற்கு முன்னால் ஜாம் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் பாட்டில் மூடி சோதித்தவள். ஆராய்ச்சி என்று இவர்கள் சொல்லும் எல்லாம் கடைசியில் என் கைக்குத்தான் வரும். நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், தோள்வரை நீண்ட ரப்பர் கையுறைகளில் கையை நுழைத்து, நாள் முழுக்கப் பூசி, சுட்டு, அளந்துகொண்டிருப்பேன். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. அந்த ஒரு கஷ்டம் போதும், டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் யாரும் அந்தப் பெட்டிப் பக்கமே வரமாட்டார்கள்.

நெஸ்டா மட்டும் வருவாள். வேல்ஸ்காரி, முப்பத்து நாலு வயது, பாலிமர்களைச் சமைப்பவள் அவள்தான். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இருந்தாள், செப்டம்பரில் முடிகிறது. நீலம் சரியாக வந்தால் நீட்டிப்பார்கள். அவள் நீலத்துக்கென்றே ஒரு துணைப் பாலிமர் செய்திருந்தாள். நீலத்துக்கு அடியில் இருக்கும் பூச்சு வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது, இரண்டுக்கும் நடுவில் இதை வைத்தால் தடுக்கலாம் என்பது யோசனை. யோசனை நல்லதுதான். ஆனால் மேலே நீலத்தை ஊற்றியதும் அதன் கரைப்பான் இந்த நடுப்பூச்சையும் கரைத்துக்கொண்டு போய்விடும். சோற்றுக்குள் குழம்பு இறங்குவதுபோல எல்லாம் ஒன்றாகிவிடும். ஆலஸ்டர் நாலு மாதம் பார்த்துவிட்டு, இது தேறாது, இருக்கிற கண்ணாடியை முடித்துவிட்டு நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. கரைப்பானில் கரையாத அடிப்பூச்சு ஏற்கெனவே போட்டு மிச்சமிருந்த ஆறு கண்ணாடிகளில் அந்த நடுப்பூச்சைப் பூசி, பெட்டிக்குள் இருக்கும் ஹாட் பிளேட்டில் நூற்றெண்பது டிகிரியில் வைத்தேன். பத்து நிமிடம் சுடவேண்டும் என்பது விதி. ஹாட் பிளேட் ஓடும்போது பக்கத்தை விட்டு நகரக்கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி. அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயம் அதை அணைக்காமல் வீட்டுக்குப் போய் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். இன்னொரு கடிதம் வந்தால் வேலை காலி.

மணி பத்தரை. எங்கள் இடத்தில் பத்தரை மணி டீக்கு வராதவர் ஒன்று காய்ச்சலில் கிடக்கவேண்டும், இல்லாவிட்டால் திமிர் பிடித்தவராக இருக்கவேண்டும். அன்றைக்கோ ஸ்டோர் கீப்பர் ரானுக்குக் கடைசி நாள். விதைக் கிடங்காக இருந்த காலத்திலிருந்து முப்பத்தொரு வருஷம் அங்கேயே இருந்தவர். அவர் மனைவி எலுமிச்சை கேக் சுட்டு அனுப்பியிருந்தாள். தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று போனேன். ரான் பேச எழுந்தார். முப்பத்தொரு வருஷத்தையும் ஒரு வருஷம் விடாமல் சொல்ல ஆரம்பித்தார்.

நான் நெஸ்டாவின் காதில் குனிந்தேன். "ஹாட் பிளேட் ஓடிட்டிருக்குடி. ஒரு ஓட்டம் போய் எடுத்து வெச்சுட்டு வந்துடறேன்."

"அட, உக்காருங்க மேரியன். மனுஷன் இப்பதான் எண்பத்தஞ்சாம் வருஷத்துக்கே வந்திருக்காரு. நடுவுல எந்திரிச்சுப் போனா அழுதுடுவாரு." என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள்.

"பாத்துக்கோ, கண்ணாடி கருகிச்சுன்னா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

"சொல்லிக்கோங்க. கேக் எனக்கு ரெண்டு துண்டு."

நான் திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. ஆறு கண்ணாடியும் கெட்டது என்று எழுதினால் ஏன் என்று படிவம் நிரப்பவேண்டும். படிவம் நிரப்பினால் நான் எங்கே இருந்தேன் என்ற கேள்வி வரும். அதனால் வாயை மூடிக்கொண்டு கரைப்பானை ஊற்றி, ஆறையும் இரண்டு தடவை கழுவினேன். பளபளவென்று இருந்தன. கழுவின கண்ணாடிதானே என்று நேராக நீலத்தைப் பூசி, உலோகம் படியவைத்து, மறுநாள் காலையில் அளந்தேன்.

ஐந்து புள்ளி ஆறு.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பழைய கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்த்தால் அது வழக்கம்போல் இரண்டு காட்டியது. மறுபடி இதை வைத்தேன், ஐந்து புள்ளி ஆறு. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. யோசித்தேன். ஜாம் பாட்டில் சோதித்தவளுக்கும் மூளை உண்டு. இந்தக் கண்ணாடிக்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம்? பூசினேன், அதிக நேரம் சுட்டேன், கழுவினேன். கழுவினதில் எல்லாம் போயிருந்தால் வித்தியாசமே இருக்கக்கூடாதே! இன்னொரு கண்ணாடியை அதேபோல ஒரு மணி நேரம் சுட்டு, கழுவி, பரப்பின்மேல் ஊசியை ஓடவிட்டு உயரம் பார்க்கும் கருவியில் வைத்தேன். கண்ணுக்கே தெரியாத ஒரு தோல், பத்து நானோமீட்டர், அடிப்பூச்சோடு ஒட்டிக்கிடந்தது. அடிப்பிடித்த பால் பாத்திரம் எப்படியோ அப்படி. எத்தனை தேய்த்தாலும் அந்த அடி போகாது. மேலே நீலத்தை ஊற்றினாலும் அது அசையாது. வெளிச்சத்தைத் தின்னும் பூச்சுக்கும் நீலத்துக்கும் நடுவில் அது குறுக்கே நின்றுவிட்டது. நாலு மாதம் ஆலஸ்டர் தேடியது இதுதான்.

அந்தக் கருவியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். சந்தோஷத்தில்தான். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

ஆராய்ச்சியாளர்களுக்கு எண் போட்ட சிவப்பு நோட்டுப் புத்தகம் உண்டு. டெக்னீஷியன்களுக்கு அட்டையில் செருகிய தாள்தான். அந்தத் தாளில் பூசினது, கழுவினது, ஊசியில் பார்த்தது எல்லாம் வரிசையாக எழுதினேன். சுட்ட நேரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அறுபது என்று எழுதினால் நான் டீ குடித்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். பத்து நிமிடம் என்று எழுதினேன். ஒரு எண்தானே, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆலஸ்டர் தாளைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். உயரமான ஆள், பின்கழுத்து சிவந்துவிட்டது.

"மேரியன், இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. மறுபடி செய்ய முடியுமா?"

"எத்தனை தடவை வேணும்?"

இரண்டு வாரத்தில் ஒன்பது தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் சுட்டேன், தாளில் பத்து என்றே எழுதினேன். ஒரே ஒரு நாள் அவர் என் பக்கத்தில் கால்மணி நேரம் நின்றிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். நிற்கவில்லை. எண்ணைப் பார்க்க மட்டும் வருவார், தோளில் தட்டுவார். "உங்க கைராசியே கைராசி!" என்பார். நானும் பல்லைக் காட்டுவேன். கைராசி என்ற வார்த்தையில் என் மூளைக்கு இடமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட்டை மாட்டிக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். சிவப்பு நோட்டைத் திறந்து நீட்டினார். "ரயிலுக்கு நேரமாச்சு. இங்க ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும், மேரியன்." ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று இன்னொருவர் அடியில் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். நூறு பக்கமாவது அவருக்குப் போட்டிருப்பேன். அன்றும் படிக்காமல் போட்டேன். மூன்று நொடி வேலை.

ஏப்ரலில் நெஸ்டா பிரிண்டரிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு புயலாக வந்தாள். காப்புரிமை மனுவின் நகல். கண்டுபிடித்தவர்: ஆலஸ்டர் விண்டம். அவ்வளவுதான்.

"உங்க பேரு எங்க? துணைப் பாலிமர் செஞ்சது நான், அதுவும் அவரோட யோசனைதானாம், அது போகட்டும். கழுவிப் பாத்தது நீங்க, ஊசியில வெச்சுப் பாத்தது நீங்க! உங்க பேரு எங்க மேரியன்?"

என் பெயர் எங்கே என்று நானும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலாவது இருக்குமோ என்று. நேராக அவர் அறைக்குப் போனேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. "உக்காருங்க மேரியன். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா என் நோட்டுல சாட்சி போட்டது நீங்க. சாட்சி போட்டவங்க கண்டுபிடிச்சவங்களா இருக்க முடியாது. கம்பெனி விதி."

"என் கையெழுத்தை வாங்கினது நீங்கதானே?"

"நீங்க படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதாத்தானே போட்டிருக்கீங்க?"

"அந்தப் பக்கத்துல இருக்கிறது என் தாள், ஆலஸ்டர். வரிக்கு வரி என் தாள்."

"தாள்ல இருக்கிறது செஞ்ச வேலை. நோட்டுல இருக்கிறது அதுக்குப் பின்னால இருக்கிற சிந்தனை." அப்புறம் கொஞ்சம் குழைந்து, "உங்க கை இல்லாம இது நடந்திருக்காது. அதை நான் எங்க போனாலும் சொல்லுவேன்," என்றார்.

திரும்பவும் கை! அப்போதுதான் ஒன்று கவனித்தேன். அவர் மேஜையில் மனு விரிந்து கிடந்தது. நூற்றெண்பது டிகிரி, பத்து நிமிடம். நான் எழுதின பொய் அப்படியே, முத்திரை குத்தாத குறையாக, அங்கே இருந்தது. சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எனக்கு எச்சரிக்கைக் கடிதம், அவருக்குச் சரியான காப்புரிமை. நான் ஏன் சொல்லவேண்டும்? நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

மே மாதம் திரை செய்யும் பெரிய கம்பெனி ஒன்று எங்கள் செய்முறையை வாங்க வந்தது. காகிதத்தில் எழுதியிருக்கிறபடி தங்கள் இடத்தில் செய்து பார்த்தார்கள். இரண்டுக்கு மேல் போகவில்லை. மறுபடி செய்தார்கள், மறுபடியும் இரண்டு. கடைசியில் நாலு பேர் கோட்டும் டையுமாக எங்கள் கிடங்குக்கே வந்து என் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஆலஸ்டர் என் தோளில் கையை வைத்தார்.

"மேரியன் செய்வாங்க, பாருங்க. எப்பவும் செய்யற மாதிரி செய்ங்க, மேரியன்."

"நோட்டுல எழுதியிருக்கிற மாதிரியா?"

"ஆமா, ஆமா. அதே மாதிரி."

செய்தேன். கடிகாரத்தைப் பார்த்து, மிகச் சரியாகப் பத்து நிமிடம் சுட்டு எடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எந்த விதியையும் கடைப்பிடித்ததில்லை. மறுநாள் அளந்தபோது ஒன்று புள்ளி ஒன்பது. நாலு டையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. ஆலஸ்டரின் முகம் செத்துப்போனது.

"என்ன மாத்திச் செஞ்சீங்க?" என்று அவர் என்னிடம் தனியாகக் கேட்டார். குரல் கெஞ்சியது.

"ஒண்ணும் மாத்தலையே. கைராசி போயிடுச்சு போல."

சொல்லும்போது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா! அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சைக்கிளில் சிரித்துக்கொண்டே போனேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏனென்றால், ஆலஸ்டர் மாதிரி ஆட்களுக்கு ஒன்று தோற்றால் அதை இறக்கிவைக்க ஒரு தலை வேண்டும். என் தலை என்னுடைய தாளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. செய்முறை சரி, செய்த விதமும் சரி, அப்படியானால் பாலிமர்தானே சரியில்லை? பிப்ரவரியில் சமைத்தது நன்றாக இருந்தது, அதற்கப்புறம் சமைத்ததெல்லாம் கோளாறு என்று எழுதி மேலே அனுப்பினார். நெஸ்டாவை உட்காரவைத்து விசாரித்தார்கள். அவள் மறுபடி சமைத்தாள். நாலு தடவை சமைத்தாள், ஒவ்வொரு தடவையும் கூடுதலாகச் சுத்தம் செய்தாள். நான் ஒவ்வொன்றையும் வாங்கி, பூசி, பத்து நிமிடம் சுட்டு, இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூலையில் ஒரு நாள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் என்னை வழிமறித்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"மேரியன், நேராச் சொல்லுங்க. இத்தனை வருஷமா நான் குடுத்ததை எல்லாம் பூசினவங்க நீங்க. என்னைவிட உங்களுக்குத் தெரியும். என் பாலிமர்ல ஏதாவது கோளாறா?"

வெயில் அவள் முகத்தில் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் இவள் ஒரு நிமிஷம் தாமதிக்கமாட்டாள், ஆலஸ்டரிடம் ஓடுவாள், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓடத்தானே வேண்டும். அவர் ஒரு வரியைத் திருத்துவார். எல்லாம் சரியாகிவிடும். என் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது.

"தெரியலடி கண்ணு," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இருக்கலாம்," என்றும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். "உங்ககிட்டயாவது கேக்கணும்னு தோணிச்சு. சரி விடுங்க." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள், ஏறி ஓட்டவில்லை.

செப்டம்பரில் அவள் ஒப்பந்தம் முடிந்தது. அவளுக்குக் கேக் வெட்டவில்லை. அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நவம்பரில் நீலப் பிரிவையே மூடினார்கள். எனக்கு வயதைப் பார்த்து ஒரு சின்னத் தொகையும் பூங்கொத்தும் கொடுத்து அனுப்பினார்கள். ஆலஸ்டர் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்படிப்பட்டவர்களுக்கு எங்கேயாவது ஒரு நாற்காலி காத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காப்புரிமையை யாரும் வாங்கவில்லை. செய்து பார்த்தால் வேலை செய்யாத காப்புரிமை எதற்கு ஆகும்?

இரண்டு வருஷம் கழித்து, போன மாதம், வேல்ஸில் இருக்கும் கார்டிகன் ஊரின் அஞ்சல் முத்திரையோடு தடிமனான உறை ஒன்று வந்தது. நெஸ்டா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள் என்று ரானின் மனைவி எப்போதோ சொல்லியிருந்தாள். உள்ளே கடிதம் இல்லை. ஒரு ஆராய்ச்சி இதழிலிருந்து நகலெடுத்த கட்டுரை மட்டும் இருந்தது. ஹாலந்துக்காரர்கள் எழுதியது. பாலிமர் விளக்கின் அடியில் கரையாத மெல்லிய தோல், நீலத்தின் திறன் மூன்று மடங்கு. பாலிமர், நெஸ்டா சமைத்த அதே வகை. எழுதியவர்கள் வரிசையில் நான்காவதாக ஒரு பெண் பெயர், அடிக்குறிப்பில் 'டெக்னீஷியன்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பெயரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மகராசியோ, அவள் தாளில் உண்மையை எழுதியிருக்கிறாள்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். 'நூற்றெண்பது டிகிரியில் அறுபது நிமிடம்' என்ற இடத்துக்கு அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு. ஓரத்தில் நெஸ்டாவின் குண்டுக் கையெழுத்து:

'ரானோட எலுமிச்சை கேக். உங்க சட்டைக் கையைப் பிடிச்சு உக்காரவெச்சது நான்தானே? அன்னைக்கு அது ஒரு மணி நேரம் அங்கேயே இருந்திருக்கு. என் பாலிமர்ல ஒரு கோளாறும் இல்ல. ஜூலையில நான் கேட்டப்ப உங்களுக்கு அது தெரியும்.'

கடைசி வரியை அவள் கேள்வியாகக்கூட எழுதவில்லை.

அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆலஸ்டர் செய்ததையெல்லாம் முதலில் எழுதினேன், கிழித்தேன். என் வயிற்றெரிச்சலை எழுதினேன், அதையும் கிழித்தேன். கடைசியில் 'உன் பாலிமரில் ஒரு கோளாறும் இல்லை, எனக்குத் தெரியும்' என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியது. அதற்கு அடியில் என் முழுப் பெயரைப் போட்டேன். உறையில் போட்டு ஒட்டி, முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். மூன்று வாரமாக அது சமையலறை அலமாரியில் டீ டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. தபால்பெட்டி எங்கள் தெருமுனையில்தான். நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது.